வாங்கத் தெரிந்த சபையே ஆளத் தெரிந்த சபை

(வெள்ளவத்தையில் வரியிறுப்பாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அரசியல் மேடைகளில் நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பொருள்கள் பெரியவை. அரசியலமைப்பு, மொழியுரிமை, காணி, அதிகாரப் பகிர்வு என்பன பற்றி மணிக்கணக்கிற் பேசுகின்றோம்; நீங்களும் பொறுமையோடு கேட்கின்றீர்கள். இன்று மாலை நாம் பேசவிருப்பதோ கைதட்டலைத் தரக்கூடிய பொருளன்று. ஒரு மாநகர சபை விளக்குமாறு வாங்குவது எங்ஙனம், வடிகாற் குழாய் வாங்குவது எங்ஙனம், குப்பை அள்ளும் வேலையை ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது எங்ஙனம், வாங்கியது உரிய காலத்தில் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர் யார் என்பதே இன்றைய விஷயம்.

"இதற்கும் ஒரு கூட்டமா?" என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒரு விடை சொல்லுவோம். சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் தொழில். உள்ளூராட்சிச் சபையின் தொழில் வேறு. தெருவிளக்கு எரியவேண்டும்; வடிகால் ஓடவேண்டும்; மருந்தகத்தில் மருந்து இருக்கவேண்டும்; நூலகத்திற் புத்தகம் இருக்கவேண்டும்; தீயணைக்கும் வண்டிக்கு உருளைப்பட்டை இருக்கவேண்டும். இவற்றில் எந்தச் சேவையை எடுத்துக்கொண்டாலும் அதன் பின்னால் ஒரு கொள்வனவு நிற்கின்றது. ஆதலின் சபை வாங்குகின்ற முறையே சபை ஆளுகின்ற முறை. வாங்கத் தெரியாத சபை எத்தனை தீர்மானங்களை நிறைவேற்றினாலும் ஆளத் தெரியாத சபையே.

சபையின் வரலாறு

கொழும்பு மாநகர சபை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாற் பிறந்தது. 1937 இல் இந்நகரின் தெரிவு செய்யப்பட்ட முதல் மேயராக வந்தவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்ற தமிழர். அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து, கொழும்பு வடக்கின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் வீற்றிருந்தார். இன்றும் நடைமுறையிலுள்ள மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கத்தது. கிராமப் புறங்களுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உண்டு. நாடு முழுவதும் இத்தகைய சபைகள் ஏறத்தாழ 340 இருக்கின்றன. வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் வாழும் வைத்தியரும், கொட்டாஞ்சேனையிற் கடை வைத்திருக்கும் வணிகரும், வலிகாமத்தில் வெங்காயம் நடும் கமக்காரரும் இவற்றுள் ஏதோ ஒன்றுக்கு வரி செலுத்துகின்றனர். செலுத்திய பணம் எங்ஙனம் பொருளாக மாறுகின்றது என்று கேட்போர் எத்தனை பேர்?

கமக்காரரின் கணக்கு

கேட்பதற்கு நாம் கணக்காளராக இருக்கவேண்டியதில்லை. நல்ல கமக்காரர் ஒருவர் விதையுருளைக்கிழங்கு வாங்கும் முறையைக் கவனியுங்கள். முதலிலே தம்முடைய நிலத்தை அளந்து எத்தனை அந்தர் வேண்டும் என்று முடிவு செய்கிறார். கார்த்திகையில் நடவேண்டியது தையில் வந்து சேர்ந்தால் இலவசமாகத் தந்தாலும் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். மூட்டையின் வாயை அவிழ்த்து, அடியிற் கையை விட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். வாங்கியதை நனையாத இடத்தில் வைக்கிறார். விளைச்சலின் பின்பு, எந்த வியாபாரியின் விதை முளைத்தது, எவருடையது அழுகியது என்பதை மறவாமல் நினைவில் வைத்து, அடுத்த போகத்துக்கு அதற்கேற்பச் செல்கிறார்.

எவ்வளவு, எப்போது, என்ன தரம், என்ன விலை, வந்தபின் என்ன ஆனது என்ற இந்த ஐந்து கேள்விகளும் ஒரு சங்கிலியின் ஐந்து கண்ணிகள். பெறுகை முகாமைத்துவம் என்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படுவது இதுவே. கமக்காரர் தம் சொந்தப் பணத்தைச் செலவிடுகிறார். ஆகவே ஐந்தையும் கேட்கிறார். சபை செலவிடுவது ஊரார் பணம். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்னும் பழமொழி எந்த இடத்திற் பிறந்ததோ நாம் அறியோம்; ஏதோ ஒரு கேள்விப்பத்திரக் குழுவின் அருகிலேதான் பிறந்திருக்கவேண்டும்!

சபைகளிலே நாலாவது கேள்வி ஒன்றே பெரிதாகக் கேட்கப்படுகிறது. யாருடைய விலை குறைவு? அதை அறிந்தவுடன் கோப்பு மூடப்படுகிறது. மற்ற நான்கு கண்ணிகளும் அறுந்து கிடந்தால் அதன் விளைவு என்ன என்பதற்கு இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. அது வெறும் பண நட்டத்தோடு முடிந்த சான்றன்று.

முடிவை யாரும் வாங்கவில்லை

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்குப் புளூமெண்டால் குப்பைமேட்டைப் பற்றி நாம் விளக்கவேண்டியதில்லை. நகரத்தின் கழிவெல்லாம் பல்லாண்டுகள் அங்கே குவிந்தன. அதன் நாற்றத்தையும் ஈயையும் புகையையும் அனுபவித்தோர் அயலிலே வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமான ஏழை மக்கள். 2009 ஆம் ஆண்டில், உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றைத் தொடர்ந்து, குப்பை கொட்டும் இடம் மீதொட்டமுல்லைக்கு மாறியது. தற்காலிக ஏற்பாடு என்றே சொல்லப்பட்டது. இரண்டு ஏக்கர் என்று தொடங்கியது பல மடங்காகப் பரந்தது, பரந்தது உயர்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் அங்கே கொட்டப்பட்டதாக அக்காலச் செய்திகள் கூறின. சுற்றிலும் வாழ்ந்த மக்கள் முறையிட்டனர்; வீதியில் இறங்கினர். 2017 ஏப்ரில் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்திலே, வீடுகளிற் பலகாரம் இருந்த வேளையில், அந்தக் குப்பை மலை சரிந்தது. 32 உயிர்கள் மாண்டன.

இந்த நிகழ்ச்சியைச் சுற்றாடற் பிரச்சினை என்று சிலர் சொல்வர். கட்சி அரசியல் என்று வேறு சிலர் சொல்வர். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நாம் ஒப்பந்தத்தின் கண்கொண்டு பார்க்கின்றோம். நகரம் எதை விலைக்கு வாங்கிற்று? வாசலிலிருந்து குப்பையை அகற்றும் வேலையை வாங்கிற்று. பாரவண்டியில் ஏற்றிச் செல்லும் வேலையை வாங்கிற்று. கொட்டும் வேலையை வாங்கிற்று. கொட்டிய பின் அந்தக் குப்பை என்ன ஆகவேண்டும் என்ற கடைசிக் கண்ணியை எவரும் வாங்கவில்லை. அள்ளியவர் தம் வேலையை முடித்தார். ஏற்றியவர் தம் வேலையை முடித்தார். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், "வேலை நிறைவேறியது" என்றே எழுதலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மலையும் 32 பிணங்களும்.

ஒப்பந்தத்தின் சொற்களுக்குத் தனி வலிமை உண்டு. கொண்டுசெல்லும் நிறைக்குப் பணம் என்று எழுதினால், ஒப்பந்தகாரருக்கு நிறை கூடுவதே ஆதாயம். குப்பை குறைவதிலும் தரம் பிரிப்பதிலும் அவருக்கு ஆதாயமில்லை. தெரு சுத்தமாக இருப்பதற்குப் பணம் என்று எழுதினால் அவருடைய அக்கறை வேறு திசையிற் போகும். எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதுவே நமக்குக் கிடைக்கும். வாசகத்தை எழுதுகின்ற உத்தியோகத்தரின் பேனா முனையிலேயே நகரத்தின் நிலைமை பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மீதொட்டமுல்லை கொழும்பு மாநகர சபையின் எல்லைக்குள் இல்லை. கொலன்னாவை நகர சபையின் எல்லையில் உள்ளது. எவருடைய குப்பையால் அம்மக்கள் மாண்டார்களோ அந்தச் சபைக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. வெள்ளவத்தையில் நாம் கட்டி வைத்த பொட்டலமும் அந்த மலையில் இருந்தது. சங்கிலியின் இந்த முனையிற் கையெழுத்து. அந்த முனையிற் சவப்பெட்டி. இடையிலே பொறுப்பேற்பார் எவருமில்லை.

பின்பு நடந்தவையும் பாடமே. கெரவலப்பிட்டியிற் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பெறும் நிலையம் 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவுக்கு, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம், புகைவண்டியிற் குப்பையைக் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. அதனைப் புத்தளத்து மக்கள் எதிர்த்து நின்றனர்; அவர்களிற் பலர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தம் கழிவைத் தாம் வைத்துக்கொள்ள முடியாத தலைநகரம் அதனை நாலு மணித்தியாலத் தூரத்துக்கு அனுப்பினால், அங்குள்ளவர்கள் எதிர்ப்பதில் என்ன வியப்பு? எரியும் நிலையத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஈரச் சோற்றையும் மீன் கழிவையும் வைத்து அடுப்பு மூட்ட முடியாது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் வெள்ளவத்தைச் சமையலறையும் அந்த நிலையத்தின் ஒரு கண்ணியே.

கழிவுநீரின் கதையும் இத்தகையதே. கொழும்பின் கழிவுநீர் கடலுக்குட் போவதற்கு நீண்ட குழாய்கள் இரண்டு: ஒன்று வடக்கே முகத்துவாரத்தில், மற்றது தெற்கே இந்த வெள்ளவத்தையில். நகரத்தின் சங்கிலிகள் பல நம் வாசலிலேதான் முடிகின்றன. முடியும் இடத்தில் இருப்பவர்களுக்கே முதற் கண்ணியைப் பற்றிக் கேட்கும் உரிமை அதிகம்.

களவில்லாத நட்டம்

கொள்வனவு என்றதும் இலஞ்சம் என்ற சொல்லே பலருக்கு நினைவு வருகின்றது. அது பொய்யன்று. கேள்விப்பத்திரம் தொடர்பாகக் கையூட்டுப் பெறுவதையும், போட்டியாளர் தம் விலையை மீளப்பெறுவதற்காகப் பணம் கொடுப்பதையும் தனிக் குற்றங்களாக 1954 ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமே வகுத்துவிட்டது. அச்சட்டத்தின் இடத்தை 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் ஏற்றுள்ளது. களவைப் பிடிக்கச் சட்டம் உண்டு. ஒருவரும் திருடாமலே ஊர்ப் பணம் வீணாகும் வழிகள் பல உள்ளன. அவற்றைப் பிடிக்க விழிப்பு ஒன்றே உண்டு.

ஆண்டு தொடங்கும்போது எது எவ்வளவு தேவை என்று திட்டமிடாத சபை, மழை தொடங்கிய பின் வடிகாற் குழாயைத் தேடுகின்றது. அப்போது எல்லாம் அவசரம். அவசரக் கொள்வனவுக்குப் போட்டியில்லை. போட்டியில்லாத இடத்தில் விலைக்கு வரம்பில்லை. ஒரே கொள்வனவை நான்கு கூறாக்கி ஒவ்வொன்றையும் சிறு தொகையாகக் காட்டினால், பெரிய குழுவின் கண்ணில் அது படாது. பொருளின் விவரத்தை ஒரே வியாபாரிக்குப் பொருந்தும்படி எழுதினால், பத்துப் பேருக்கு அழைப்பு அனுப்பினும் வெல்பவர் ஒருவரே. மூன்று கடைகளின் விலைப்பட்டியல் என்று மூன்று தாள்கள் கோப்பிலிருக்கும். மூன்றும் ஒரே கையெழுத்தாக இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

பணம் கொடுப்பதிலே தாமதம் செய்வது இன்னொரு நட்டம். சபை ஆறு மாதம் கழித்தே பணம் தரும் என்று அறிந்த வியாபாரி, அந்த ஆறு மாத வட்டியை முன்கூட்டியே விலையிற் சேர்த்துவிடுகிறார். கைமுதல் குறைந்த நேர்மையான சிறு வியாபாரி ஒதுங்கிக்கொள்கிறார். கடைசியிற் களஞ்சியம். ஏட்டில் இருக்கும் பொருள் தட்டில் இருக்கிறதா? சிறு உதிரிப்பாகம் ஒன்று இல்லாமையால் இலட்சக் கணக்கில் வாங்கிய வண்டி முற்றத்திலே துருப்பிடிக்கின்றதா? வாங்கிய வண்டியின் விலையைப் பத்திரிகையில் வெளியிடுகின்றோம். அது ஓடிய நாள்களை எவரும் எண்ணுவதில்லை.

சந்தைக் குத்தகை

கமக்காரப் பெருமக்களுக்கு நேரே உறைக்கும் விஷயம் ஒன்றுண்டு. சபை வாங்குவதற்கு மட்டுமன்றி விற்பதற்கும் கேள்வி கோருகின்றது. சந்தை வரி அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது அவ்வகையானது. வாங்கும்போது மிகக் குறைந்த விலை சிறந்தது என்று எண்ணும் சபை, குத்தகைக்கு விடும்போது மிகக் கூடிய விலை சிறந்தது என்று எண்ணுகின்றது. இரண்டிலும் ஒரே பொறி உண்டு. தாங்கமுடியாத குறைந்த விலைக்கு வேலையை எடுத்தவர் சீமெந்தைக் குறைக்கிறார். தாங்கமுடியாத கூடிய விலைக்குச் சந்தையை எடுத்தவர், கொடுத்த பணத்தைக் கமக்காரரிடமே திரும்ப எடுக்கிறார்: கட்டணத்திற்கு மேல் அறவிடுகிறார், துண்டு தர மறுக்கிறார், தராசிலே கழிவு என்று கழிக்கிறார். சபையின் வருமானக் கணக்கு உயர்கிறது. வெங்காயம் கொண்டுவந்தவரின் மடி இளைக்கிறது. குத்தகைப் பத்திரத்திலே அறவிடக்கூடிய கட்டணம் எவ்வளவு, அதனைச் சந்தை வாயிலிற் பலகையில் எழுதி வைக்கவேண்டுமா, மீறினாற் குத்தகை இரத்தாகுமா என்ற மூன்று வரிகள் இருந்தால் இந்தக் கொடுமை பெருமளவு குறையும். அந்த மூன்று வரிகளைக் கேட்டுப் பெறுவது போராட்டம் அல்லவா?

தரம் பார்க்குமுன் கடமையை ஏற்றுக்கொண்டால் என்ன நேரும் என்பதையும் கமக்காரர் 2021 இற் கண்டனர். இரசாயன உரம் தடுக்கப்பட்ட அந்த ஆண்டிலே, சேதன உரத்தை ஏற்றிய கப்பலொன்று சீனாவிலிருந்து புறப்பட்டது. மாதிரியைப் பரிசோதித்த தாவரத் தனிமைப்படுத்தற் சேவை, பயிருக்குத் தீங்கான பற்றீரியா உண்டெனக் கண்டது. உரம் இறக்கப்படவில்லை. ஆயினும் 2022 ஜனவரியில், 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை அந்நிறுவனத்துக்குச் செலுத்தப்பட்டது. மூட்டைக்குட் கையை விட்டுப் பார்த்த பின்பே விலை பேசும் கமக்காரர் ஒருவரை அந்த மேசையில் உட்கார வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? அது மத்திய அரசாங்கத்தின் கொள்வனவு, உள்ளூராட்சியினது அன்று. ஆனால் பிழை ஒன்றே. அளவு மட்டுமே வேறு.

நம் கையிலுள்ள சட்டம்

இனி, நம்மால் என்ன செய்யமுடியும் என்பதைப் பார்ப்போம். கொள்வனவுக்கென 2006 ஆம் ஆண்டில் அரசாங்கம் வழிகாட்டல்களை வெளியிட்டது. 2015 இன் 19 ஆம் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை அரசியலமைப்பிலேயே நாட்டியது. 2020 இன் 20 ஆம் திருத்தம் அதனைப் பிடுங்கியது. 2022 இன் 21 ஆம் திருத்தம் மீண்டும் நாட்டியது. அவ்வாணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. வழிகாட்டல் வேறு, பாராளுமன்றச் சட்டம் வேறு. பெறுகைக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியமும் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையிற் பரிந்துரைத்தது. கடன் கொடுத்தவன் கேட்டதை வரி கொடுத்தவன் அதற்கு முன்னரே கேட்டிருக்கவேண்டும்.

கேட்பதற்கு ஆயுதம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் உரியது. எதற்காகக் கேட்கிறீர் என்று உத்தியோகத்தர் வினவமுடியாது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் உத்தியோகத்தரே எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. "வணிக இரகசியம்" என்று சில வேளை விடை வரும். பொது நன்மை அதைவிடப் பெரிதாயின் அந்தத் தடை நில்லாது என்று அதே சட்டம் சொல்கிறது.

அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரையின்படி சபைகளின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதிக்கின்றார். ஆண்டுதோறும் அறிக்கை வருகின்றது. அதைப் படிப்பவர் யார்? 12 ஆம் உறுப்புரையின் முதலாம் பிரிவு சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. கேள்விப்பத்திரத்தில் ஓரவஞ்சனை நடந்தால் அதன்கீழ் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் 126 ஆம் உறுப்புரை ஒரு மாதத் தவணையே தருகின்றது. இங்கேதான் மொழி வந்து குறுக்கே நிற்கின்றது. 1987 இன் 13 ஆம் திருத்தத்தாற் தமிழும் அரச கரும மொழியாயிற்று. கேள்வி அறிவித்தலும் நிபந்தனைப் பத்திரமும் தமிழில் வாராவிடின், கொட்டாஞ்சேனைத் தமிழ் வணிகர் அறியுமுன்னே பெட்டி திறக்கப்பட்டுவிடும். அவர் வழக்கறிஞரிடம் வருமுன்னே மாதமும் கழிந்துவிடும். மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையோடு நிற்கும் உரிமையன்று. அது காசு பணத்தோடும் தவணையோடும் சம்பந்தப்பட்ட உரிமை.

சபையே இல்லாத காலமும் ஒன்றிருந்தது. 2018 இற் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. பணமில்லை என்ற காரணம் கூறித் தேர்தல் பிற்போடப்பட்டது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறியது என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டிலே தீர்த்தது. 2025 மே 6 ஆம் நாளே தேர்தல் நடந்தது. இரண்டாண்டுக்கு மேலாக, மக்களாற் தெரியப்பட்ட ஓர் அங்கத்தவரேனும் இன்றி, ஆணையாளர்களும் செயலாளர்களுமே வாங்கினர், விற்றனர், குத்தகைக்கு விட்டனர். அவர்கள் தவறு செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்கு ஆளில்லாத இரண்டாண்டின் கணக்கை இப்போதாவது கேட்கவேண்டும் என்கின்றோம்.

பிற இடங்களில்

அயலைப் பாருங்கள். தமிழ்நாட்டிலே 1998 ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நிறைவேறியது. எவ்வளவு விலைக்கு எவருக்கு வேலை போயிற்று என்பதைப் பகிரங்கமாக்கும் கடமையை அது விதித்தது. நம் இனத்தவர் பெருந்தொகையாக வாழும் தென்னாபிரிக்காவின் 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அரச கொள்வனவு நியாயமாகவும் வெளிப்படையாகவும் போட்டியோடும் சிக்கனமாகவும் நடக்கவேண்டும் என்று தனி உறுப்புரையிற் கூறுகின்றது. 2003 இல் இயற்றப்பட்ட மாநகர நிதிச் சட்டம், சபை அங்கத்தவர் எவரும் கேள்விப்பத்திரக் குழுவில் இருத்தலாகாது என்று தடுத்தது. வாக்குக் கேட்பவர் விலை கேட்கும் மேசையில் இருக்கக்கூடாது என்பது அதன் தத்துவம். அத்தகைய நாட்டிலும், டேர்பன் மாநகரத்துக் குப்பை அகற்றும் ஒப்பந்தம் தொடர்பாக 2019 இல் அந்நகர மேயரே கைதாகி வழக்கை எதிர்நோக்கினார். அவர் குற்றத்தை மறுத்தார். தீர்ப்பு எதுவாயினும் ஒன்று தெளிவு: நல்ல சட்டம் நல்ல வேலி, வேலியைச் சுற்றிப் பார்க்கும் ஆள் இல்லாவிடின் அது வெறும் கம்பி.

நம்மவர் என்ற சலுகை வேண்டாம்

தோழர்களே! இறுதியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவேண்டிய ஒன்றுண்டு. கொழும்பு மாநகர சபையின் கணக்கைத் தட்டிக் கேட்பதற்கு நம்மிற் பலர் ஆயத்தமாக இருப்பார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நம்மவர் கையிலுள்ள சபைகள் என்று வந்தால், "நமக்குள்ளே எதற்குக் கேள்வி? எதிரிக்கு அது வாய்ப்பாகாதா?" என்று வாயை மூடிக்கொள்கின்றோம். இந்த வழக்கம் நம்மைக் கெடுத்துவிடும். அதிகாரம் கேட்கின்ற மக்கள் கணக்குக் கேட்கவும் பழகவேண்டும். நாளை பெரிய அதிகாரம் ஒன்று நம் கைக்கு வந்தால், அதை ஆளப்போகும் பழக்கம் இன்று ஒரு பிரதேச சபையின் களஞ்சிய அறையிலேதான் உருவாகின்றது. ஒரு வடிகாலுக்குக் கணக்கு வைக்கத் தெரியாதவர்களிடம் ஒரு மாகாணத்தை ஒப்படைக்கலாமா என்று பிறர் கேட்குமுன் நாமே கேட்டுவிடுவது நல்லது.

ஆகவே வேலையைப் பங்கிட்டுக்கொள்வோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வழக்கறிஞர், கணக்காளர், பொறியியலாளர், வைத்தியர் எனப் படித்தவர்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஐந்து பேர் மாதம் ஒரு மாலைப் பொழுதைத் தரட்டும். இவ்வாண்டின் கொள்வனவுத் திட்டம் யாது? கேள்வி கோரப்பட்டவை எவை, கோரப்படாமல் வாங்கப்பட்டவை எவை? வென்ற விலை எது, தோற்ற விலைகள் எவை? பொருளை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டவர் யார்? அது இன்று எங்கே இருக்கின்றது? இந்த ஐந்து கேள்விகளையும் தமிழிலே எழுதி, தகவல் அறியும் சட்டத்தின்கீழ்ச் சபைக்கு அனுப்பட்டும். பொறியியலாளர் குழாயின் தரத்தைப் பார்க்கட்டும். வைத்தியர் மருந்தகத்தின் இருப்பைப் பார்க்கட்டும். கணக்காளர் கணக்காய்வறிக்கையைப் படித்து ஊருக்கு விளங்கும் தமிழிற் சொல்லட்டும். வழக்கறிஞர்களாகிய நாம் தவணையைப் பார்த்துக்கொள்கின்றோம். கமக்காரப் பெருமக்கள் சந்தையிற் கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் துண்டு கேட்டு வாங்கி, அதைப் பத்திரமாக வைக்கட்டும். ஒரு போகத்துத் துண்டுகள் ஒரு வழக்குக்குப் போதிய சான்று. வட்டார அங்கத்தவரை, எந்தக் கட்சியினராயினும், அழைத்து இருத்தி இவற்றை அவர் முன்னிலையில் வாசிப்போம். நேர்மையாக வேலை செய்யும் உத்தியோகத்தரைக் கண்டால் அதையும் பகிரங்கமாகச் சொல்வோம். அவருக்கு இருக்கும் ஒரே காவல் ஊரின் நற்சாட்சியே.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றனர் நம் முன்னோர். நாம் போடுவது ஆற்றிலே அன்று. நம் பிள்ளைகள் நடக்கும் தெருவிலே, குடிக்கும் நீரிலே, அயலவர் வீட்டுக் கூரைக்கு மேலே. அளக்கும் கோல் சட்டத்தினால் நமக்குத் தரப்பட்டுள்ளது. அடுத்த மாதம் இதே மண்டபத்திற் கூடும்போது, எந்த வட்டாரத்திலிருந்து எத்தனை கேள்விகள் போயின, எத்தனைக்கு விடை வந்தது என்ற கணக்கோடு வருமாறு உங்கள் யாவரையும் கேட்டுக்கொள்கின்றோம்.